பேரலைக் குறைக்கும்போது காதையும் கணக்கில் எடுங்கள்

டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் மான் வேட்டைக்குப் புது ரைஃபிள் வாங்கப் போகிறான். கடையில் 18 இஞ்ச் பேரலும் (குண்டு ஓடும் குழல்) காட்டினார்களாம், 24 இஞ்சும் காட்டினார்களாம். "சின்னது எடுத்தா பவர் போயிடுமா மச்சான்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். நான் வியாசர்பாடியில் லேத் ஓட்டுகிறவன். காலேஜில் என்சிசியில் .22 ரைஃபிள் சுட்ட நாளிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிப்பேன், அதனால்தான் என்னிடம் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பவர் குறையும், ஆனால் ஜனங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து கிளம்பும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அந்தத் தள்ளல். அவன் கேட்ட .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில், ஒரு இஞ்ச் குறைத்தால் நொடிக்கு 20, 25 அடி வேகம் போகும். 24 இஞ்சில் 2,820 அடி வேகத்தில் கிளம்பும் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு, 18 இஞ்சில் சுமார் 2,680 அடியில் கிளம்பும். 200 கஜம் தாண்டிய பிறகும் 2,200 அடி அளவில் வேகம் இருக்கும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் உடம்பில் பட்டு விரிய 1,800 அடி போதும். அந்தத் தூரத்தில் மானுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

எல்லாத் தோட்டாவுக்கும் இதே கணக்கு கிடையாது. நாங்கள் சுட்ட .22-இல் மருந்து கொஞ்சம்தான். 16, 18 இஞ்சுக்குள் அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் குழல் நீண்டால் உராய்வுதான் மிச்சம். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் மாதிரி மருந்து நிறையப் பிடிக்கும் தோட்டாவுக்கு நேர்மாறு. அதைக் குட்டைக் குழலில் போட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் நெருப்பாகவும் சத்தமாகவும் வெளியே போகும். மேக்னம் வேண்டுமென்றால் நீளக் குழல் வாங்குங்கள். குட்டைதான் வேண்டுமென்றால் மேக்னத்தை விட்டுவிடுங்கள்.

குட்டைக் குழல் குறி தவறும் என்பதும் சரியில்லை. ஒரே தடிமனில் குட்டையானதுதான் விறைப்பாக நிற்கும், அதிர்வு குறையும். குறியைக் கெடுப்பது குழல் வாயின் முனை. லேத்தில் நிற்கிற எவனுக்கும் இது புரியும்: வெட்டிய முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டாலோ, உள் விளிம்பில் நகத்தில் தட்டுப்படுகிற அளவு பிசிறு நின்றாலோ, வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டின் வாலைத் தள்ளிவிடும். வாங்கின பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், கம்பெனியே குட்டையாகச் செய்ததை எடுங்கள். நம்ம ஊர் பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று: 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறைப்பது குற்றம். யார் கொண்டுவந்து கேட்டாலும் தொடாதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் காதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கோபம் வருகிறது. குழல் குறையக் குறைய வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறுகிறது, அந்த வெடிப்பும் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. திடீர் சத்தம் 140 டெசிபலைத் தாண்டினாலே ஒரே தடவையில் காதைக் கெடுக்கலாம் என்பது கணக்கு. வேட்டை ரைஃபிள் 160-ஐ ஒட்டி அடிக்கும். உதைப்பு குறையட்டும் என்று குழல் வாயில் வாயுவைத் திருப்பிவிடும் மசில் பிரேக் மாட்டினால் சத்தம் இன்னும் பின்னால் திரும்பும்.

எங்கள் பக்கத்தில் பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் காலம் தள்ளிய பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன். டீக்கடையில் நாம் பேசும்போது நம் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாதி புரியாது, கேட்கவும் கூச்சம். சிரித்துத் தலையாட்டிவிட்டு டம்ளரை வைத்து எழுந்து போவார்கள். உட்காதில் இருக்கும் மெல்லிய முடிச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அவர்களுக்காவது அது சோற்றுக்காகப் போனது. ஆசைக்குச் சுடுகிறவன் ஏன் அதை இழக்க வேண்டும்?

சத்தத்தைக் குறைக்கக் குழல் வாயில் பொருத்தும் சப்ரசரை மாட்டுவதற்காகத்தான் இப்போது பலரும் குட்டைக் குழல் பக்கம் போகிறார்கள். அது நல்ல காரணம். நார்வே, பின்லாந்து வேட்டைக்காரர்களுக்கு அது சாதாரணப் பொருள். 20 இஞ்ச் குழலில் அதை மாட்டினாலும் மொத்த நீளம் கையாளுகிற அளவில்தான் இருக்கும். ஆனால் மாட்டினாலும் சத்தம் முழுக்கப் போகாது; காதடைப்பான் போட்டே ஆக வேண்டும்.

அத்தை மகனுக்கு நான் சொன்னது: .308-ஐயே எடு, 20 இஞ்ச் போதும், மிச்சக் காசில் சப்ரசர் வாங்கு. மரப்பெட்டி மாதிரி மறைவிடத்துக்குள் உட்கார்ந்து சுடும்போது சத்தம் சுவரில் மோதித் திரும்பும், அதனால் பக்கத்தில் உன் பையன் உட்கார்ந்திருந்தால் முதலில் அவன் காதில் காதடைப்பானை மாட்டிவிடு.