ஆட்குறைப்பில் முதலில் போகக் கூடாதவர்கள்

சோலார் ஆலைகளில் ஆட்குறைப்பு என்றதும் பேனலுக்குத் தேவை குறைந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024-இல் உலகம் முழுக்கப் பொருத்தப்பட்டவை சுமார் 600 கிகாவாட். தயாரிக்கும் திறனோ 1,000 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. விலை வாட்டுக்கு 10 அமெரிக்க சென்ட் அளவுக்கு விழுந்தது. அந்த ஆண்டே ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் மேயர் பர்கர் நிறுவனம் தன் மாட்யூல் (முழு பேனல்) ஆலையை மூடியது. சுமார் 500 பேருக்கு வேலை போனது. போதாக்குறைக்கு பெர்க் என்ற பழைய வகை செல்லிலிருந்து டாப்கான் என்ற புது வகைக்குத் தொழில் மாறியதில், நல்ல நிலையில் இருந்த பழைய லைன்களும் நின்றன.

நஷ்டத்தில் ஓடும் ஆலை ஆளைக் குறைப்பது புரிகிறது. யாரைக் குறைக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். பராமரிப்பு டெக்னீஷியனும் தரச் சோதனை ஆளும் "நேரடி உற்பத்தி இல்லை" என்ற கணக்கில் முதலில் போகிறார்கள்.

செல்களை ரிப்பன் என்ற மெல்லிய உலோகப் பட்டையால் ஒட்டிக் கோர்க்கும் ஸ்ட்ரிங்கர் மெஷினைப் பாருங்கள். சால்டர் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் திரவத்தின் நாசில் லேசாக அடைத்தாலே ரிப்பன் செல்லில் சரியாகப் பிடிக்காது. மேலே தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். ஒளியைப் பாய்ச்சி வாட்டை அளக்கும் ஃப்ளாஷ் டெஸ்டில் அந்த மாட்யூல் முழு வாட் காட்டித் தேறிவிடும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிச் சில வருடம் போனால், அந்த ஒட்டு விட்டுப்போய் அதே இடம் சூடேறிக் கருகும். ஷிப்டுக்கு ஒருமுறை ரிப்பனை இழுத்துப் பார்க்கும் பீல் டெஸ்ட் அன்றைக்கே இதைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதைச் செய்ய ஆள் வேண்டுமே?

கண்ணாடியையும் செல்லையும் சூட்டில் அழுத்தி ஒட்டும் லேமினேட்டரும் அப்படித்தான். 145 டிகிரி என்று திரை காட்டும். தட்டின் ஓரத்தில் சூடு குறைவாக இருக்கும். அங்கே ஒட்டும் பிளாஸ்டிக் படலமான இவிஏ சரியாக வேகாது. வெந்து இறுகிய பங்கு, அதாவது ஜெல் அளவு, 75 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும். சைலீன் என்ற கரைப்பானில் கொதிக்கவைத்து, உலர்த்தி, எடை போடும் அந்தச் சோதனைக்கு மணிக்கணக்கில் பிடிக்கும் என்பதால் ஆள் குறைந்ததும் முதலில் கைவிடப்படுவது அதுதான். 25 வருட உத்தரவாதச் சீட்டு மட்டும் மாறாமல் அச்சாகிறது.

வேலை இழக்கும் நண்பர்களுக்கு ஒன்று. அனுபவச் சான்றிதழில் "ஆபரேட்டர்" என்று ஒற்றை வார்த்தையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த மெஷின், எந்த மாடல், எந்தச் சோதனை என்று எழுதிக் கேளுங்கள். செல்லில் மின்சாரம் பாய்ச்சி ஒளிரவைத்து எடுக்கும் இஎல் படத்தில் விரிசலைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு சோலார் நிலையப் பராமரிப்பிலும், சால்டரிங் தெரிந்தவருக்கு பேட்டரி பேக் தயாரிப்பிலும் இடம் இருக்கிறது. ஆலை பூட்டுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பூட்டிய பிறகு கையெழுத்துப் போட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.