ஊசிப்போன பிறகு ஏன் கூப்பிடுகிறீர்கள்?

மண்டபத்துக்காரர்கள், சமையல் காண்ட்ராக்டர்கள், பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லோரிடமும்தான் கேட்கிறேன். கடைசிப் பந்தி கை கழுவி எழுந்திருப்பது மத்தியானம் இரண்டரைக்கு. கல்யாணத்தில் மீந்த சாப்பாட்டை எடுத்துப்போய் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் எங்களுக்கு போன் வருவது மட்டும் ஏன் சாயங்காலம் ஆறு மணிக்கு?

போன முகூர்த்தத்திலும் இதே கதைதான். "நூறு பேர் சாப்பிடலாம், உடனே வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். அடித்துப்பிடித்து ஓடினோம். அண்டாவைத் திறந்தால் சாம்பார் நுரைத்துக் கிடக்கிறது. சாதத்தைத் தொட்டால் நூல் விடுகிறது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டுப் பக்கம் நிற்கவே முடியவில்லை. ஒரு கரண்டிகூட எடுக்காத அண்டாக்கள் அவை! மூன்று மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு முதியோர் இல்லமே வயிறாரச் சாப்பிட்டிருக்கும். அத்தனையும் குப்பை வண்டிக்குப் போனது.

எடுக்க முடியாது என்று சொன்னால், "சூடு பண்ணிக் கொடுங்க, பசிக்கிறவங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்கிறார் ஒரு பெரியவர். வயிறு எரிகிறது. உங்கள் பேரனுக்குக் கொடுப்பீர்களா இதை? சமைத்த சாப்பாட்டின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கிருமி பெருக ஆரம்பித்துவிடும். சாதத்தில் வளரும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. எண்பது வயதுப் பாட்டிக்கு ஒரு ராத்திரி வாந்திபேதி என்றால் உயிருக்கே ஆபத்து. மீந்த உணவை எப்படி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று 2019-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டுவிட்டது. ஏழைக்குத்தானே என்று எதையும் கொடுக்கலாம் என எந்த விதியிலும் இல்லை.

கூட்டத்துக்குப் போதாமல் போனால் மானம் போய்விடும் என்று கூடுதலாகச் சமைக்கிறீர்கள். சரி, புரிகிறது. வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஊரில் உள்ள மண்டபம் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும், எங்களிடம் இருப்பதோ ஒரே வண்டி. அப்புறம் நாங்கள் போய்ச் சேர்ந்தால், மண்டபத்தைக் காலி பண்ண வேண்டும், பத்து நிமிஷத்தில் அண்டாவைக் கொடு என்று விரட்டல் வேறு.

கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே வீட்டாள் ஒருவர் சமையல்கட்டை எட்டிப் பாருங்கள். கை படாத அண்டா எத்தனை இருக்கிறதென்று பார்த்து அப்போதே கூப்பிடுங்கள். சாதத்தில் சாம்பாரைக் கொட்டிக் கலக்காதீர்கள். பரிமாறிய வாளியில் மிஞ்சியதைத் திரும்ப அண்டாவில் ஊற்றாதீர்கள். பாத்திரம் நாங்களே கொண்டு வருகிறோம்.