கிவி பிழைக்கும் ஊரில் நாய் கட்டித்தான் கிடக்கும்

நியூசிலாந்தின் பறக்காத பறவையான கிவியின் குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்திவந்து காட்டில் விடுகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கண்கலங்குகிறார்கள். இந்த வீடியோ கொஞ்ச நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. கீழே நம்மாட்களின் கருத்துகள் வழக்கம்போல இரண்டே வகை. ஒன்று, 'சோ க்யூட்'. இன்னொன்று, 'வெள்ளைக்காரன் ஒரு பறவையை எப்படி மதிக்கிறான் பாருங்க, நம்ம ஊரா இருந்தா சுட்டுத் தின்னிருப்பானுங்க'. முதல் வகையை விட்டுவிடுவோம். இரண்டாவதுதான் எனக்கு எரிச்சல்.

வெள்ளைக்காரன் மதித்த லட்சணத்தை முதலில் பார்க்கலாம். நியூசிலாந்துக் காடுகளில் ஆதியில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டியே கிடையாது. அதனால்தான் கிவி பறப்பதையே விட்டுவிட்டு, தரையில் பொந்தில் முட்டையிட்டு நிம்மதியாக வாழ்ந்தது. குடியேறிய ஐரோப்பியர்கள் முயலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி ஆட்டு மேய்ச்சலைத் தின்று தீர்த்தது. சரி, முயலைத் தின்ன ஒன்று வேண்டுமே என்று 1880-களில் ஸ்டோட் என்ற விலங்கை இறக்கினார்கள். கீரிப்பிள்ளை மாதிரி ஒல்லியான உடம்பு, எந்தப் பொந்திலும் நுழையும். வேண்டாம் என்று அப்போதே பறவையியலாளர்கள் கத்தினார்கள், கேட்க ஆளில்லை. (அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளும் சுத்தம் என்று சொல்லவில்லை. எலியும் நாயும் அவர்களோடு வந்தவை. மோவா என்ற ராட்சதப் பறவை அவர்கள் காலத்தில்தான் அழிந்தது.)

இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 70,000 கிவிகள். யாரும் கவனிக்காத காடுகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைகின்றன. அங்கே பிறக்கும் 100 குஞ்சுகளில் 95 இனப்பெருக்க வயதைத் தொடுவதில்லை. அப்பன் கிவி இரண்டரை மாதத்துக்கு மேல் அடைகாத்துப் பொரித்த குஞ்சு, சில வாரங்களில் தனியாக இரை தேடக் கிளம்பிவிடும். ஏறக்குறைய ஒரு கிலோ எடை வந்தால் ஸ்டோட்டைக் காலால் உதைத்து விரட்டும் பலம் வந்துவிடும். அதுவரை தப்புவதுதான் பாடு. 1994 முதல் முட்டைகளைக் காட்டிலிருந்து எடுத்துவந்து, பொரித்து, அந்த எடை வரும்வரை பாதுகாப்பாக வளர்த்துத் திரும்ப விடுகிறார்கள். வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் நீங்கள் லைக் போடமாட்டீர்கள், ஏனென்றால் அது முழுக்கக் கொலை.

நியூசிலாந்தின் வடக்கே ஃபாங்காரெய் ஹெட்ஸ் என்று ஒரு தீபகற்பம். (தமிழ் எழுத்து பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று நியூசிலாந்தில் கிடைத்த கதையைக் கேட்டிருப்பீர்களே, அது கிடைத்தது இந்த ஃபாங்காரெய் வட்டாரத்தில்தான்.) 2001-இல் அங்கே 80 கிவிகள்தான் இருந்தன என்று கணக்கு. இப்போது ஆயிரத்துக்கும் மேல். அது வேலி போட்ட சரணாலயம் இல்லை. பண்ணை, வீட்டுத்தோட்டம், இடையிடையே காட்டுத்துண்டு, அவ்வளவுதான். ஊர்க்காரர்களே தங்கள் நிலத்தில் மரப்பெட்டிப் பொறிகளை வைத்தார்கள். உள்ளே கோழிமுட்டையோ முயல்கறியோ இரை. ஸ்டோட் நுழைந்தால் சட்டென்று கொல்ல வேண்டும், துடிக்க விடக்கூடாது என்று பொறிக்கே தர விதிகள் உண்டு. யாராவது முறை வைத்துப் போய், அழுகிய ஸ்டோட்டை எடுத்து வீசிவிட்டு, புது இரை வைத்து வரவேண்டும். மழையிலும் போகவேண்டும். 20 வருஷமாகப் போகவேண்டும். குளிர்காலத்தில் நிலவில்லாத இரவுகளில் இருட்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எத்தனை கிவி கத்துகிறது என்று எண்ணி எழுதுகிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

ஆனால் ஸ்டோட்டைக் கொல்வதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அது யார் வீட்டுச் செல்லமும் இல்லையே. சிக்கல் நாயில் வருகிறது. கிவிக்கு மற்ற பறவைகளைப் போல மார்பெலும்பு வலுவாக இல்லை. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும். 1987-இல் அதே வடபகுதியின் வைடாங்கி காட்டில் ஒரே ஒரு நாய் சில வாரங்களில் செய்த வேலை இது: ரேடியோ கருவி பொருத்திய பறவைகளில் மட்டும் 13 பலி. சுமார் 900 கிவிகள் இருந்த அந்தக் காட்டில் மொத்தம் 500 வரை அது கொன்றிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். வேறு இடங்களில் 40 வருஷம்கூட வாழும் பறவை, நாய்கள் மிகுந்த அந்த வடபகுதியில் சராசரியாக 14 வருஷத்தைத் தாண்டுவதில்லை.

ஆகவே ஃபாங்காரெய் ஹெட்ஸில் நடந்ததைப் பறவைப் பாசம் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் போய் 'உன் நாயைக் கட்டு' என்று சொல்லி, பகையில்லாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். இதைவிடக் கஷ்டமான காரியம் எந்த ஊரிலும் கிடையாது. கிவி வாசனை பட்டாலே நாய் விலகும்படி கழுத்துப்பட்டையில் லேசான ஷாக் கொடுத்துப் பழக்கும் பயிற்சி உண்டு. அதையும் நம்பி அவிழ்த்து விடாதீர்கள் என்று பயிற்சி கொடுப்பவர்களே சொல்கிறார்கள்.

தலைநகரில் நடப்பதும் இதே ரகம்தான். வெலிங்டனுக்கு மேற்கே மாகராவின் ஆட்டுப்பண்ணைகளிலும் புதர்க்காட்டிலும் 23,000 ஹெக்டேருக்கு மேல் பரவி 4,500-க்கும் அதிகமான பொறிகள். முதலில் அவற்றை வைத்து ஸ்டோட்டை ஒடுக்கினார்கள். அதன் பிறகுதான், 2022 நவம்பரில், முதல் 11 கிவிகள் வந்தன. அடுத்த வருஷமே குஞ்சு பொரித்தது. பண்ணைக்காரர்கள் கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்காவிட்டால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. பறவையை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோகும்போது, கொடுக்கும் மாவோரி இனக்குழுவும் ஏற்கும் இனக்குழுவும் பேசி முறைப்படி கைமாற்றுகிறார்கள். வீடியோவில் பின்னணியில் ஓதும் குரல் கேட்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. அந்தப் பறவை அவர்கள் பொறுப்பு.

எனக்கு ஒரு பயமும் உண்டு. ஊரே பார்த்துக்கொள்கிறது என்றதும் அரசுகளுக்கு ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. 2050-க்குள் ஸ்டோட், எலி, போஸம் (possum) என்ற மரமேறும் விலங்கு எல்லாவற்றையும் ஒழிப்போம் என்று 2016-இல் நியூசிலாந்து அரசு அறிவித்தது. அதற்குப் பணம் பிரித்துக்கொடுக்கவென்று வைத்திருந்த அரசு நிறுவனத்தை 2025 பட்ஜெட்டில் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். இலக்கு மட்டும் அப்படியே இருக்கிறதாம். தன்னார்வலர்களுக்கு வயதாகும், முட்டிவலி வரும். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் இத்தனை ஆயிரம் பொறிகளை எத்தனை காலம் ஓட்டமுடியும்?

இனி மாகராவிலிருந்து கிவிகள் நடந்து வெலிங்டன் புறநகர்த் தோட்டங்கள் வரை வரவேண்டும் என்பது அங்குள்ளவர்களின் ஆசை. வரட்டும். வந்தால் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் இரவில் நாயை அவிழ்த்து விடும் பழக்கத்தை நிறுத்தவேண்டியிருக்கும். வடக்கே சில மனைப்பிரிவுகளில் நாய், பூனை வளர்க்கவே கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அநியாயம் என்று சிலர் கொதிக்கிறார்கள். நானும் நாய்ப்பிரியன்தான். இருந்தாலும் இந்த விஷயத்தில் பத்திரம் எழுதியவர்கள் பக்கம்தான் நிற்பேன்.