ட்ரெய்லரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது

'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' ட்ரெய்லரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவரைக் காப்பாற்றுவதா, எல்லா உலகங்களையும் காப்பாற்றுவதா? இதுதான் கதாநாயகன் மைல்ஸுக்கு வரும் சோதனை. படத்தில் அது பாதிக்கு மேல்தான் வருகிறது. 2023 ஏப்ரலில் வந்த ட்ரெய்லர் அதை மிகேல் என்ற இன்னொரு ஸ்பைடர்மேன் வாயாலேயே போட்டு உடைத்துவிட்டது. அப்புறம் தியேட்டரில் என்ன பதைபதைப்பு மிஞ்சும்?

படத்தின் போஸ்டரிலோ, கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியாத அளவுக்குப் பாத்திரங்களின் கூட்டம். 2018-இல் வந்த முதல் படத்தில் மைல்ஸ் கட்டடத்திலிருந்து குதிப்பான். ஜன்னல் கண்ணாடி அவன் விரலோடு பெயர்ந்து வரும். காட்சி தலைகீழாக இருப்பதால், விழுகிறவன் மேலே எழும்புவதுபோல் தெரியும். போஸ்டருக்கு அப்படி ஒரே ஒரு காட்சி போதாதா?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துப் பசங்கள் ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மாடிப்படியிலேயே மொத்தக் கதையையும் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து படைத்த மும்பாட்டன் நகரத்தையாவது எங்கள் ஊர்க்காரர்களுக்காக ஒளித்து வைத்திருக்கலாம். இந்திய ஸ்பைடர்மேனான பவித்ர் பிரபாகர் வரும் அந்த நகரத்தைப் பெரிய திரையில் முதல்முறை பார்க்கும் சந்தோஷமே தனி. அதையும் ட்ரெய்லரில் காட்டித் தீர்த்துவிட்டார்கள்.

அடுத்த பாகத்துக்காவது ஒரு நிமிட டீசரோடு நிறுத்துங்கள், சாமி!