டாக்குமென்ட்ஸ் என்ற ஊரில் விளைந்த குறுவை

நேற்று இரவு பத்தரை மணிக்குக் கும்பகோணத்திலிருந்து முதலாளி தொலைபேசியில் அழைத்து, "தம்பி, டாக்குமென்ட்ஸுங்கிற ஊரு எந்த ஒன்றியத்துல வருது?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அன்று வாங்கிய புதிய மடிக்கணினியில் குறுவைக் கொள்முதல் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். 43 வரிசைகளிலும் ஊர் என்ற கட்டத்தில் டாக்குமென்ட்ஸ் என்றும், பருவம் என்ற கட்டத்தில் ஒன்டிரைவ் என்றும் வரிசை பிசகாமல் நின்றிருக்கிறது. வடுவூர் இல்லை, உள்ளிக்கோட்டை இல்லை, பரவாக்கோட்டை இல்லை. மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்து நெல் முழுவதும் ஒன்டிரைவ் பருவத்தில், டாக்குமென்ட்ஸ் கிராமத்தில் அறுவடையாகி எங்கள் அரவை ஆலைக்கு வந்து இறங்கியிருக்கிறது.

ஒரு கோப்பின் முழு முகவரியிலிருந்து கோப்புறையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் பிரிக்கும் மேக்ரோவோடு, அதாவது எக்செல்லுக்குள் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்போடு, மாரடித்தவர்களுக்கு இதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த புண்ணியவான், முகவரியை ஸ்பிளிட் என்ற கட்டளையால் பேக்ஸ்லாஷ் (\) வரும் இடமெல்லாம் துண்டாக்கி, அதில் நான்காம் எண் துண்டுதான் ஊர், மூன்றாம் எண் துண்டுதான் பருவம் என்று கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆலையில் இருக்கும் பழைய கணினியில் அந்த முகவரி, தமிழில் எழுதிக்காட்டினால், டி:\நெல்\2025\குறுவை\வடுவூர் என்று போகும். ஸ்பிளிட் சுழியிலிருந்து எண்ணும் என்பதால் டி சுழியாகி, வடுவூர் நான்காகிவிடும், கணக்கு சரிதான். புதிய மடிக்கணினியிலோ சி டிரைவ், பயனர்கள், முதலாளியின் பெயர், ஒன்டிரைவ் என்று மூன்று வரை எண்ணி முடித்தவுடன் நான்காவதாக டாக்குமென்ட்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. நெல்லும் குறுவையும் வடுவூரும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன என்பதைப் பற்றி மேக்ரோவுக்கு என்ன கவலை?

டெல்டாவில் பிறந்த ஒருவர் இப்படி எண்ணலாமா என்பதுதான் என் ஆற்றாமை. கல்லணையில் பிரிகிற தண்ணீர் ஒரு வயலுக்கு மூன்று மதகு தாண்டி வரும், பக்கத்து ஊர் வயலுக்கு ஏழு மதகு தாண்டி வரும். நான்காவது மதகுக்கு அடுத்தது என் வயல் என்று கல்லணையிலிருந்து எண்ணி அடையாளம் சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை. கடைசி மதகைச் சொல்லி, அதிலிருந்துதான் சொல்வார்கள். முகவரியும் அப்படித்தான். கடைசி பேக்ஸ்லாஷுக்கு இந்தப் பக்கம் கோப்புறை, அந்தப் பக்கம் பெயர். இப்படிக் கடைமடையிலிருந்து பின்னோக்கித் தேடுவதற்கென்றே இன்ஸ்ட்ரெவ் என்று ஒன்று, ஸ்பிளிட் வந்த அதே ஆபிஸ் 2000 பதிப்பில் சேர்ந்தே வந்தது. ஸ்பிளிட்டைக் கண்டுகொண்டவர் கண்ணில் அது மட்டும் எப்படிப் படாமல் போயிற்று?

இதுகூடப் பொறுத்துக்கொள்ளத் தக்கதுதான். மேக்ரோவை மேலிருந்து படித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. அவர் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பது டிர் என்ற கட்டளையால். டிர் தருவது என்ன? வெறும் பெயர். கோப்புறையின் வாசனைகூட இல்லாத, தனியாகப் பிரிந்து நிற்கும், சுத்தமான கோப்புப் பெயர். அதைக் கையில் வாங்கிக்கொண்டவர், கோப்பைத் திறப்பதற்காக அதன் தலையில் கோப்புறையை ஒட்டி முழு முகவரியாக்குகிறார், அது நியாயம். திறந்தாயிற்று. பிறகு அந்த முழு முகவரியை மறுபடி எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, நான்காவது துண்டில் பெயரைத் தேடுகிறார். தூற்றி முடித்த நெல்லைப் பதரோடு கலந்து களத்தில் கொட்டி, திரும்பவும் முறத்தை எடுத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருப்பவரைப் பற்றி என்ன சொல்வது? போதாக்குறைக்கு, திறந்த எக்செல் கோப்பு ஒவ்வொன்றும் தன் பெயரை நேம் என்றும், இருக்கும் இடத்தைப் பாத் என்றும், இரண்டும் சேர்ந்ததை ஃபுல்நேம் என்றும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டால் சொல்லும். அவர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் நேமைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோப்புறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டி முதலாளிக்கு எதற்கு, மேக்ரோ தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுகொள்ளட்டும் என்று எனக்கொரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. மேக்ரோ இருக்கும் கோப்பின் ஃபுல்நேமை எடுத்து, இன்ஸ்ட்ரெவால் கடைசி பேக்ஸ்லாஷைக் கண்டுபிடித்து, அதற்கு ஓர் எழுத்து முன்வரை, இடப்பக்கத்திலிருந்து வெட்டித் தரும் லெஃப்ட் போட்டு வெட்டினேன். ஆலைக் கணினியில் பிரமாதமாக ஓடியது. கும்பகோணத்தில் பிழை எண் 5 என்று விழுந்து படுத்துவிட்டது. இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவோடு ஒத்திசைந்த கோப்பிடம் முகவரி கேட்டால், அது சி டிரைவிலிருந்து தொடங்காமல் எச்டிடிபிஎஸ் என்று இணைய முகவரியாகப் பதில் சொல்லும். அதில் பேக்ஸ்லாஷ் கிடையாது, எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள். இல்லாத பேக்ஸ்லாஷைத் தேடிய இன்ஸ்ட்ரெவ் சுழியைத் தர, சுழியில் ஒன்றைக் கழித்த நான், சுழிக்கும் ஒன்று குறைந்த நீளத்துக்கு வெட்டிக் கொடு என்று லெஃப்ட்டைக் கேட்டிருக்கிறேன். சாய்வு எந்தப் பக்கம் என்ற இந்த வழக்கு 1983-ஆம் ஆண்டு, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் 2.0 பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தபோதே தொடங்கியது. முன்சாய்ந்த கோட்டைக் கட்டளைகளின் விருப்பக் குறிகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டதால், கோப்புறைக்குப் பின்சாய்ந்தது வந்து சேர்ந்தது. அந்த ஏற்பாட்டுக்கான தண்டத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கொசுக்கடியில், மன்னார்குடிக்குப் பக்கத்து ஆலையில் உட்கார்ந்து நான் கட்டுகிறேன்.

கெட்டிக்காரத்தனத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குள் முதலாளியின் மகன் தானும் உதவுவதாக எண்ணி, ஆங்கில எழுத்தில் இருந்த வடுவூர்க் கோப்பின் பெயரைத் தமிழில் மாற்றி வைத்துவிட்டான். பாராட்டத்தான் வேண்டும், ஆனால் டிர் தமிழறியாது. வடுவூர் என்ற நான்கு எழுத்துக்குப் பதிலாக ஏழு கேள்விக்குறிகளைக் கொடுத்தது. ஏன் ஏழு என்று நள்ளிரவில் விரல்விட்டு எண்ணினேன்: வகரம், டகரம், உகரக் குறி, மீண்டும் வகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி என்று நேர்மையாகவே எண்ணியிருக்கிறது, பாவம். டிரைத் தூக்கிப் போட்டுவிட்டு கோப்புகளைப் படிக்கும் இன்னொரு வழியான ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் மூலம் படித்த பிறகுதான் வடுவூர் வடுவூராக வந்தது.

மணி ஒன்றேகால். ஊரெல்லாம் சரியாக வந்துவிட்டது என்று முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு, "ஊருக்குப் பின்னாடி ஒரு வால் தொங்குதே, அதையும் எடுத்துரு தம்பி" என்றார். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற அந்த வால் மூன்று வருடமாகத் தொங்குகிறது. எடுத்தேன், தூக்கக் கலக்கத்தில் முதல் புள்ளி வரும் இடத்தில் வெட்டினேன். பரவாக்கோட்டைக் கோப்பின் பெயரிலோ 14.10.2025 என்று தேதியும் இருந்தது. பட்டியலில் பரவாக்கோட்டை 14 என்று மட்டும் நின்றது, பேருந்துக்கு எண் போட்டதைப்போல. தேதிக்கு ஏன் புள்ளி வைத்தார்கள் என்று கோபிக்கவும் வழியில்லை, ஏனென்றால் சாய்ந்த கோட்டைக் கோப்பின் பெயரில் வைக்க விண்டோஸ் விடாது. எந்தக் கோட்டுக்காக இரவு முழுவதும் அழுதேனோ அதே கோடு. அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையில் என்னப்பா என்று அவர் கேட்க, ஒன்றுமில்லை முதலாளி என்று சொல்லிவிட்டு, கடைசிப் புள்ளியைத் தேட இன்னொரு இன்ஸ்ட்ரெவ் எழுதினேன்.

இதையெல்லாம் எந்த விசைப்பலகையில் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைத் தவிடு அடைத்து, எண்டருக்கு மேலே இருக்கும் பேக்ஸ்லாஷ் விசை மட்டும் இரண்டு மாதமாக அமுங்குவதில்லை. ஒவ்வொரு பேக்ஸ்லாஷுக்கும் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 9, 2 என்று தட்டித்தான் வரவழைக்கிறேன். புதிது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாயிற்று. குறுவை முடியட்டும் தம்பி என்கிறார்.