பானை ஓட்டைத் தொடாமலே ஒரு வரலாற்றுப் பட்டம்

வரலாற்றில் முதுகலை முடித்து வருகிற பிள்ளைகள் பலர் ஒரு பழைய பானை ஓட்டைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நாம் நடத்துகிற விதம் அப்படி. தொல்லியல் ஒரு தாளோடு சரி, மானிடவியல் வேறு துறை, வரலாறு என்றால் அரசர்களும் ஆண்டுகளும்.

கீழடிக்குப் பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது, மனதார வரவேற்கிறேன். "கீழடியின் காலம் கி.மு. 580 தானே சார்?" என்று அவர்களாகவே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அந்த 580 எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், அந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்ததா, கரித்துண்டோடு சேர்ந்து என்னென்ன கிடந்தன? அப்புறம், கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனின் அளவு நேராக ஆண்டைத் தந்துவிடாது, மர வளையங்களை வைத்து அதைத் திருத்த வேண்டும்; அந்தத் திருத்தக் கோடு சுமார் கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகப் போவதால், அந்தக் காலத்துக் கரிக்கு ஒற்றை ஆண்டு கிடைக்காது, அகலமான ஒரு கால வரம்புதான் கிடைக்கும். இதைச் சொன்னால் கீழடியின் பெருமை குறையுமோ என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை முதல் எதிர்க்கேள்வியிலேயே தடுமாறும். மண்ணடுக்கு, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள ஓடு, கரி எல்லாவற்றையும் சேர்த்து வாதாடத் தெரிந்த பிள்ளையை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது.

சரி, மானிடவியல் எங்கே வருகிறது? கறுப்பு-சிவப்புப் பானை என்று தேர்வில் எழுதுகிறார்கள், உள்ளே ஏன் கறுப்பு, வெளியே ஏன் சிவப்பு என்று கேட்பதில்லை. கவிழ்த்துச் சுடும்போது உள்பக்கம் காற்று படாமல் கறுத்துவிடுகிறது என்பது பரவலான விளக்கம். அதை ஒரு சூளைப் பக்கத்தில் நின்று யோசித்தால்தான் புரியும். கீழடி இருக்கிற அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் மானாமதுரையும் இருக்கிறது, இன்றும் கடமும் பானையும் செய்கிற ஊர். மண் எங்கே எடுக்கிறார்கள், எந்த மாதத்தில் சூளை போடுகிறார்கள், அந்த வேலையில் பெண்களின் பங்கு என்ன என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் குடும்பங்களைச் சங்ககாலத்தின் மிச்சம்போலப் பார்க்கக் கூடாது, அவர்கள் நம் காலத்துத் தொழிலாளர்கள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிகளை வகைப்படுத்த அங்கே மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்த கதையைச் சொல்லாமல் மானிடவியல் நடத்தவே கூடாது என்பேன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் வேதவாக்குபோல மேற்கோள் காட்டுகிற ஆய்வேடுகளைப் பார்க்கிறேன், கஷ்டமாக இருக்கிறது.

1945இல் புதுச்சேரி அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், அந்த அகழாய்வையே மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் வைத்துக்கொண்டார். நாம் இன்னும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா, அருங்காட்சியக வாசலில் குழுப்படம் என்று நிற்கிறோம். ஓடு கழுவுவது, எண் போடுவது, வகை பிரிப்பது இதற்கெல்லாம் சில வாரங்களாவது வேண்டும். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: உள்மதிப்பீட்டில் பாதியைக் களக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். கூடவே களத்தில் தங்குமிடத்துக்கும் கழிப்பறைக்கும் பணம் ஒதுக்குங்கள், அது இல்லாததால்தான் நன்றாகப் படிக்கிற பெண்கள் பலரை வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள்.