வானில் ஒட்டப்பட்ட விமானங்கள்

முதல் உலகப் போர்க்கால வான்சண்டைப் படம் போன்ற பழைய படம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், அதன் மூல நெகட்டிவோ அது கைமாறி வந்த வழியோ தெரியாதவரை வரலாற்றுச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படங்களை இணைப்பதே குற்றம் என்று நான் கருதவில்லை. அக்காலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மிகையாக உள்வாங்கியதால், நிலம் தெளிவாகப் பதியும்போது வானம் வெறும் வெண்மையாகிவிடும். மேகத்தைத் தனியே எடுத்து இருட்டறையில் சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி 1917இல் இதை வெகுதூரம் கொண்டுசென்றார். முன்னேறும் வீரர்கள், வெடிக்கும் குண்டுகள், மேலே விமானங்கள் எனப் பன்னிரண்டு நெகட்டிவ்களை இணைத்து அவர் உருவாக்கிய போர்க்காட்சி 1918இல் லண்டனில் பிரம்மாண்டமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. போரின் முழுப் பரப்பும் ஒரே தகட்டில் அடங்காது என்பது அவர் வாதம். போர் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பீன் இத்தகைய படங்களைப் போலி என்றே எதிர்த்தார்; ஹர்லி பதவி விலகுவதாகச் சொன்ன பிறகு, கூட்டுப் படம் என்று குறிப்பிட்டுக் காட்டலாம் என்று சமரசம் ஏற்பட்டது. நான் பீனின் பக்கம்தான், ஆனாலும் அந்தச் சமரசம் நியாயமானது. படத்தோடு சேர்ந்து பயணிக்க வேண்டிய அந்தக் குறிப்புதான் பிற்காலப் பிரதிகளில் முதலில் உதிர்ந்துபோகிறது.

1930களில் வெளியான காக்பர்ன்-லாங்கே என்ற வான்சண்டைப் படத் தொகுப்பில் இந்த நேர்மைகூட இல்லை. பிரிட்டிஷ் விமானி ஒருவர் பறந்தபடியே எடுத்ததாகச் சொல்லப்பட்ட அப்படங்களில் விமானங்கள் மோதின, தீப்பிடித்தன, வீரர்கள் வானிலிருந்து விழுந்தார்கள். இவ்வளவு விமானங்கள் ஒரே படச்சட்டத்துக்குள் இவ்வளவு வசதியாக வருமா என்ற ஐயம் அன்றே எழுந்தும் விவாதம் முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்கு வந்த ஆவணங்களைக் கொண்டு 1984இல்தான் பீட்டர் கிரோஸும் கார்ல் ஷ்னைடும் உண்மையை வெளியிட்டார்கள்: மாதிரி விமானங்களைச் செய்து படமெடுத்தவர் வெஸ்லி ஆர்ச்சர். அவரே போரில் விமானியாக இருந்தவர் என்பதால்தான் நுணுக்கங்கள் அவ்வளவு சரியாக அமைந்தன.

நிழலின் திசை, படத்தின் மணித்துகள் (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்), குவியத்தின் ஆழம் (எவ்வளவு தூரம்வரை படம் தெளிவாக இருக்கிறது என்பது) ஆகியவற்றை ஆராய்வது அவசியமே. ஆனால் மறுபடி மறுபடி நகலெடுத்த பிரதியில் மணித்துகள் வேறுபாடு மங்கிவிடும். பழுது சரிசெய்த இடமும் மோசடி போலவே தோன்றும். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்ததைக் காட்டும் கண்ணாடித் தகடு 1913 வெள்ளத்தில் மூலை சேதமடைந்தது. அந்தச் சேதத்தோடே அது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருப்பதால், எந்தப் பிரதியையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இப்போது பழைய படங்களுக்கு வண்ணமேற்றி, செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிப் பகிர்கிறோம். காப்பகங்கள் ஒவ்வொரு பிரதிக்கும் அருகிலேயே மூலத் தகட்டின் பதிவையும் அதன் எண்ணையும் வெளியிட வேண்டும். பகிர்பவர்கள் அந்த எண்ணை நீக்காமல், தாம் என்ன மாற்றினோம் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும்.